இங்கு ரிட்டர்ன் போட்டுத் தரப்படும்

கடை திறந்த அன்றைக்கே ஆள் வந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? கமலவேணிக்கும் இருந்தது. சாமி படத்துக்குப் போட்ட பூ இன்னும் வாடவில்லை, அதற்குள் ஒருவர் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த துணிப்பையை அவிழ்த்தார், ஒரு அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து அவளுடைய புத்தம் புதிய மேசைமேல் பரப்பினார்.

"இதுக்கு எவ்ளோ போடுவீங்க?"

கமலவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தொழிலுக்கு வந்தாயிற்றே, திருதிருவென்று விழிக்க முடியுமா? "உங்க வருமானம் என்னான்னு சொன்னாத்தான் சார் எவ்ளோ போடறதுன்னு தெரியும்" என்றாள்.

"என் வருமானம் உனக்கு எதுக்கும்மா? புடவையைப் பார்த்துப் போடு."

"புடவையைப் பார்த்து எப்படி சார் போடறது?"

"பின்னே மூஞ்சைப் பார்த்தா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, புடவையைச் சுருட்டிக்கொண்டு அவர் போயே போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, "டேமேஜ் எடுப்பியா?" என்று கேட்டாள். "எதும்மா டேமேஜ்?" என்றதும் அவளும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினாள். என்ன ஊரடா இது, வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிற இடத்தில் புடவைக்கு என்ன வேலை என்று கமலவேணி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வாலாஜாபேட்டைக்காரி. கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தவள், வந்த கொஞ்ச நாளிலேயே காந்தி ரோட்டு மாடியில் இருந்த ஆடிட்டர் வீராசாமி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இந்த ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாடிப்படியும் கம்ப்யூட்டரும்தான். கீழே இருக்கும் கடைகளிலிருந்து கணக்குக் கட்டுகள் மேலே வரும், இவள் தட்டுவாள், சார் கையெழுத்துப் போடுவார், கட்டு கீழே போய்விடும். இத்தனை வருஷத்தில் கணக்குக்கு உரிய ஒரு மனுஷ முகத்தைக்கூட அவள் எதிரில் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. அந்தக் குறைதான் அவளை அரித்தது. நமக்கென்று ஒரு மேசை, எதிரில் ஒரு நாற்காலி, அதில் ஒரு ஆள். ஆசை அவ்வளவுதான்.

வீராசாமி நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. "ஏம்மா கமலவேணி, தனியா போட்டா ஆள் வரணுமேம்மா" என்று கவலைப்பட்டார். அவள் கேட்கவில்லை என்றதும், "சரி போ. உன் நாற்காலியை யாருக்கும் குடுக்கல. வர்ற திங்கக்கிழமை காலை வரைக்கும் வெச்சிருப்பேன். அதுக்குள்ள ஒரு ரிட்டர்னாவது சொந்தமா போட்டேன்னா அப்புறம் நான் உன்னைக் கூப்பிடமாட்டேன்" என்றார். அவருக்கு அது பெருந்தன்மை. கமலவேணிக்கு அது கழுத்தில் கட்டிய கயிறு மாதிரி இருந்தது. திங்கட்கிழமை அந்த மாடிப்படியை மறுபடி ஏறுகிற காட்சியை நினைத்துப் பார்க்கவே அவள் தயாராக இல்லை.

மத்தியானம் வந்தாள் செல்லியம்மாள். திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்து வந்தவள், வெயிலில் முகம் சிவந்திருந்தது, கையில் மஞ்சள் பை. வாசலிலேயே நின்று போர்டை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ரிட்டர்ன் இங்கதானேமா?"

அப்பாடா! சரியான வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்துவிட்டாள். கமலவேணிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இங்கதான்க்கா, உக்காருங்க. புதுசா போடணுமா, இல்ல போட்டது திரும்பி வந்துடுச்சா?"

"போட்டது திரும்பி வந்துடுச்சுமா."

"டிஃபெக்டுன்னு சொன்னாங்களா?"

"அதே வார்த்தைதாம்மா சொன்னான்!" செல்லியம்மாள் ஆச்சரியப்பட்டுப் போனாள். "நீ விஷயம் தெரிஞ்சவளா இருக்கியே."

"எந்த வருஷத்துதுக்கா?"

"வருஷமா? போன மாசம்தானேம்மா அறுத்தேன்."

அறுத்ததா? கமலவேணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி நகர்ந்துவிட்டாள். "என்ன தப்புன்னு சொன்னாங்க?"

"கோர்வை சரியில்லையாம்."

கோர்வை என்றால் வரிசைப்படுத்திக் கூட்டுவதுதானே? கூட்டல் பிழைபோலிருக்கிறது என்று அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். "அவ்ளோதானா! அதை நான் சரி பண்ணிடறேன்க்கா. கொஞ்ச நேர வேலை."

செல்லியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்ச நேரத்துலயா? கரையும் உடம்பும் சேர்ற எடம்மா அது. முழுசையும் பிரிச்சு நெய்யணும். நீ எப்படி இங்க உக்காந்துக்கினு சரி பண்ணுவே?" என்று கேட்டுக்கொண்டே பைக்குள் கைவிட்டு எடுத்தாளே பார்க்கலாம். மறுபடியும் புடவை! போன மாசம் தறியிலிருந்து அறுத்தது இதைத்தான். மாம்பழ நிறத்தில் உடம்பு, பச்சைக் கரை. கமலவேணிக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குமேல் அவள் என்ன சொன்னாள், செல்லியம்மாள் என்ன புரிந்துகொண்டாள் என்பது அந்த இரண்டு பேருக்குமே தெரியாது. கடைசியில் செல்லியம்மாள் புடவையை மேசைமேலேயே வைத்துவிட்டு எழுந்தாள். "வூட்டுக்கு எடுத்துக்கினு போனா அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியுதும்மா. இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை வந்து கேக்கறேன்" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் கமலவேணியின் புருஷன் ஏகாம்பரம் வந்தான். கவர்மெண்டு பஸ்ஸில் கண்டக்டர், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில்; அந்தத் தறி கமலவேணி வருவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. கடை வாசலில் வண்டியை நிறுத்தியவன் போர்டைப் பார்த்தான், உள்ளே மேசைமேல் இருந்த புடவையைப் பார்த்தான், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறே? நானே பைத்தியம் புடிச்ச மாதிரி இருக்கேன்."

"வெளிய வந்து உன் போர்டைப் படி கமலா."

அவள் வந்து படித்தாள். போர்டில் மூன்று வரி எழுதியிருந்தாள். முதல் வரி 'வருமான வரி'. ஆனால் அது எங்கே? பக்கத்து டீக்கடை இந்திராணி வெயிலுக்காக இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாய் அந்த வரியை அப்படியே மறைத்திருந்தது. மிச்சமிருந்தது இரண்டு வரி. 'ரிட்டர்ன் போட்டுத் தரப்படும். பிடித்தம் திரும்பப் பெற்றுத் தரப்படும்.'

"இதுல இன்னா தப்பு?"

"அடிப்பாவி! நம்ம ஊர்ல ரிட்டர்ன்னா கடைக்காரன் குறை சொல்லித் திருப்பி அனுப்பற புடவை. பிடித்தம்னா அந்தக் குறைக்காக நெய்யறவங்க கூலியில பிடிக்கிறது. ரெண்டையும் பெரிய எழுத்துல எழுதி மாட்டியிருக்கே, காஞ்சிபுரமே கெளம்பி வராம என்ன பண்ணும்?"

கமலவேணி நேராக இந்திராணியிடம் போனாள். இந்திராணி பாலை ஆற்றிக்கொண்டே, "தார்ப்பாயை அவுத்தா என் பென்ச்சுல வெயில் அடிக்கும்மா. வெயில்ல உக்காந்து எவன் டீ குடிப்பான்? நீ வேணும்னா போர்டை மேல ஏத்திக்கோ" என்று சொல்லிவிட்டாள். மேலே ஏற்றலாம் என்றால் அங்கே கரண்ட் மீட்டர் பெட்டி. ஏகாம்பரம் வேறு, "பேசாம புடவைக் கடையே வெச்சிடேன்" என்று சீண்டினான். அவளுக்கு வந்த கோபத்தில் அவனோடு இரண்டு வேளை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வீராசாமி போன் செய்தார். "என்னம்மா, ரிட்டர்ன் ஏதாவது வந்துச்சா?"

கமலவேணி மேசைமேல் இருந்த மாம்பழப் புடவையைப் பார்த்தாள். "ஒண்ணு வந்திருக்குது சார்" என்றாள். பொய் சொன்னோமா உண்மை சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சந்தோஷம். திங்கக்கிழமை சொல்லிடு. இங்க உனக்கு என்னதான் பிடித்தம் இல்லைன்னு எனக்கு இன்னும் புரியலைம்மா" என்றார் அவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை காலையிலேயே செல்லியம்மாள் வந்துவிட்டாள். இந்த முறை கமலவேணி தீர்மானமாக இருந்தாள். புடவையை மடித்துப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். "அக்கா, நான் புடவைக்காரி இல்ல. கவர்மெண்டுக்கு வரிக் கணக்கு எழுதித் தர்றவ. அதுக்கும் ரிட்டர்ன்னுதான் பேரு. தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்கோங்க."

செல்லியம்மாள் பையை வாங்கி மேசைமேல் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. "அப்போ பிடித்தம் திரும்ப வாங்கித் தருவேன்னு எழுதியிருக்கியே, அதுவும் பொய்தானா?"

"அது வேற பிடித்தம்க்கா. கூலி குடுக்கும்போது வரிக்குன்னு கொஞ்சம் பிடிச்சுக் கவர்மெண்டுல கட்டுவாங்க. கணக்குப் போட்டுக் காமிச்சா திரும்ப வரும். உங்களுக்குப் பிடிக்கிறது புடவையில இருக்கற குறைக்கு."

"இந்தப் புடவையில குறை இருக்குது, ஒத்துக்கறேன். குறை இல்லாத புடவைக்கும் பிடிக்கறானே, அது எதுக்கு?"

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். "திருப்பி அனுப்பாத புடவைக்கா?"

"ஆமாம்மா. கடையில எடுத்து வெச்சு வித்தும் புடுவான், என் கூலியில பிடித்தமும் பிடிப்பான். பெரிசா இல்ல, கொஞ்சம்தான். இன்னாப்பான்னு கேட்டா, 'பிடித்தம்மா, வேற ஒண்ணுமில்ல'ன்னான். பிடித்தம்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? எங்கயோ குறை இருக்குது, மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூச்சப்படறான்னு நெனச்சிக்கினேன்."

"ஒவ்வொரு புடவைக்குமா?"

"ஒவ்வொண்ணுத்துக்கும். அதனாலதானே எங்க வூட்ல சண்டையே!" சொல்ல ஆரம்பித்ததும் செல்லியம்மாளுக்கு நிறுத்த முடியவில்லை. கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். இவள் தறியில் உட்கார்ந்து உடம்பை நெய்ய, மருமகள் பொன்னி பக்கத்தில் நின்று கரைக்கான நூல் உள்ள நாடாவை வீசுவாள். ஒவ்வொரு தடவை பிடித்தம் பிடிக்கும்போதும் இவள் பொன்னியைப் பிடித்துக்கொள்வாள். கை சரியில்லை, கவனம் இல்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தால் நாடா எப்படி ஒழுங்காக விழும் என்று நாள் முழுக்க ஏச்சு. ஒருநாள் பொன்னி நாடாவை வைத்துவிட்டு எழுந்தவள்தான், ஒரகடத்துக் கம்பெனிக்கு வேனில் போக ஆரம்பித்துவிட்டாள். "ஒரே வூடுதாம்மா. சோறு போடறா, கொழம்பு ஊத்தறா. ஆனா ஒரு வார்த்தை பேசறதில்ல."

கமலவேணிக்குக் கை பரபரத்தது. இது அதுதானா, இல்லை இதுவும் அவளுடைய இன்னொரு குழப்பமா? "அக்கா, பேன் கார்டு இருக்குதா?"

"கடையில கேட்டாங்கன்னு எடுத்தோம். பொன்னிதான் எடுத்துக் குடுத்தா. போன் நம்பரும் அவளுதுதான் குடுத்திருக்குது."

போச்சு! நம்பர் அவளுடையது என்றால் ஓடிபியும் அவளுக்குத்தானே போகும்? கமலவேணி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தாள். எடுத்ததும், "நான் இன்கம்டாக்ஸ் விஷயமா பேசறேன், உங்களுக்கு ஒரு ஓடிபி வரும்" என்று ஆரம்பித்தாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா? "இன்கம்டாக்ஸா? எங்க வூட்லயா? வேற ஆளைப் பாருடி ஃப்ராடு" என்று பொன்னி கட் செய்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான். செல்லியம்மாள் போனை வாங்கி மருமகளைக் கூப்பிட்டாள். "பொன்னி, நான்தான். பஸ் ஸ்டாண்டுகிட்ட ரிட்டர்ன் கடையில இருக்கேன்" என்றாள். "ஏதோ நம்பர் வந்திருக்குமாமே. அதைச் சொல்லு." பொன்னி ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, செல்லியம்மாள் திருப்பிச் சொல்ல, கமலவேணி தட்டினாள்.

பக்கம் திறந்தது. கடையின் பெயர், செல்லியம்மாளின் பெயர், கூலி, அதில் வரிக்காகப் பிடித்தது. ஒவ்வொரு கூலிக்கும் ஒரே கணக்கில், நல்லது கெட்டது பார்க்காமல் பிடித்திருந்தார்கள். கமலவேணி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையின் கணக்குக் கட்டு வீராசாமி ஆபீசுக்குத்தான் வரும். கடைக்காரர் யார் யார் கூலியில் எவ்வளவு பிடித்தார் என்கிற ஜாபிதாவைத் தட்டியது இவளேதான். செல்லியம்மாள் என்கிற பெயரை எத்தனை தடவை தட்டியிருப்பாள்! அந்தப் பெயர் திருப்புட்குழியில் ஒரு வீட்டில் சண்டையாகப் போய் விழும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மனசு கலங்கிப் போயிற்று.

"அக்கா, இது குறைக்குப் பிடிச்சது இல்ல. வரிக்குப் பிடிச்சது. எல்லாருக்கும் பிடிப்பாங்க. உங்க புடவையில ஒரு குறையும் இல்ல."

செல்லியம்மாள் சந்தோஷப்படுவாள் என்று கமலவேணி எதிர்பார்த்தாள். அவள் முகம் இருண்டு போயிற்று. "குறையே இல்லியா?"

"இல்லக்கா. கணக்குப் போட்டா இந்த வருஷத்துது திரும்பி வரும். பழசுக்கு மனுப் போட்டுப் பார்க்கணும், வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"அது கெடக்குது வுடு." செல்லியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணை என்னா பேச்சுப் பேசிட்டேன்."

கமலவேணி கணக்கை எழுதி முடித்தாள். அவளுடைய சொந்த மேசையில், அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த ஆளுக்காக எழுதிய முதல் ரிட்டர்ன். கடைசியில் அனுப்பும்போது மறுபடி ஒரு ஓடிபி கேட்டது. மறுபடி பொன்னி. மறுபடி செல்லியம்மாள் போனை வாங்கினாள்.

"பொன்னி, இன்னொரு நம்பர் வருமாம். அப்புறம், அந்தப் பிடித்தம் இருக்குதில்ல, அது நம்ம புடவைக்கு இல்லையாம். கவர்மெண்டு பிடிச்சுதாம்." அவ்வளவுதான், லைன் கட் ஆகிவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டார்கள், ஸ்விட்ச் ஆஃப். ஓடிபிக்கான நேரமும் ஓடிப்போயிற்று. கமலவேணிக்குச் சர்வமும் அடங்கிவிட்டது. எழுதியும் அனுப்ப முடியாத ரிட்டர்ன் கணக்கில் சேருமா? திங்கட்கிழமை மாடிப்படி ஏற வேண்டியதுதான்.

"நீங்க பஸ் புடிச்சுப் போங்கக்கா" என்றாள். செல்லியம்மாள் நகரவில்லை. இந்திராணி டீ அனுப்பினாள், குடித்தாள். மத்தியானம் போயிற்று, வெயில் சாய்ந்தது, கமலவேணி விளக்கேற்றலாமா கடையைச் சாத்தலாமா என்று தெரியாமல் நின்றாள். அப்போது வாசலில் கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் வந்து நின்று போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடிபியைப் போன்ல சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்குது" என்றாள் பொன்னி. "காலையில சொன்னதே தப்பு. அதான் நேர்ல வந்தேன்."

செல்லியம்மாள் எழுந்து நின்றாள். பொன்னி அவளைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த பையைத் திறந்து அந்த மாம்பழப் புடவையை வெளியே எடுத்தாள். கரையும் உடம்பும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுக்கு யாரு வீசினது?"

"பக்கத்துத் தெரு பசங்கள்ல ஒருத்தன். நீதான் போயிட்டியே."

"அதான்."

"உன் கையில ஒரு குத்தமும் இல்லடி" என்று செல்லியம்மாள் சொல்லிவிட்டாள். குரல் உடைந்துவிட்டது. "ஒரு குத்தமும் இல்ல."

"எனக்குத் தெரியும் அத்தே" என்றாள் பொன்னி. "உங்களுக்குத்தான் தெரியல."

பொன்னி புடவையை மடிப்புக் கலையாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள், பிறகு போனை எடுத்துக் கமலவேணி முன்னால் நீட்டினாள். கமலவேணி மறுபடி ஓடிபி கேட்டாள், வந்தது, தட்டினாள். அவசரத்தில் ஒரு எண் தப்பாகி, அழித்துவிட்டுத் தட்டினாள். பச்சை எழுத்தில் ரிட்டர்ன் ஏற்கப்பட்டது என்று வந்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கிற சாக்கில் குனிந்து வீராசாமிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'சார், நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க.'

கிளம்பும்போது செல்லியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ தறிக்கு?"

"கம்பெனி லீவு ஞாயித்துக்கிழமைதான். அன்னிக்கு வேணா வந்து வீசறேன்" என்றாள் பொன்னி. வாசல் தாண்டியவள் திரும்பி, "ஏங்கக்கா, எங்க தெருவுல எல்லா வூட்லயும் இந்தப் பிடித்தத்துக்குத்தான் சண்டை. வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வரச் சொல்லும்மா. புடவையை வேணாம்னு சொல்லு, பேன் கார்டை எடுத்துக்கினு வரச் சொல்லு."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். பையை யார் தூக்குவது என்று ஏதோ பேச்சு நடந்தது, கடைசியில் பொன்னிதான் தூக்கிக்கொண்டாள். இதையெல்லாம் டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இந்திராணிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி, தார்ப்பாயின் முடிச்சில் கைவைத்தாள். "பாவம், உன் போர்டை மறைக்குதேன்னு ஒரு மாதிரியா இருக்குது. அவுத்துடட்டுமாம்மா?"

கமலவேணி வெளியே வந்து, செல்லியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்த அந்த இரண்டு வரியை அண்ணாந்து பார்த்தாள்.

"அவுக்காதீங்கக்கா" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."